தொலைவழங்கிகளுக்கிடையே கோப்புப் பரிமாற்ற மேலாண்மை

தொலைவழங்கிகளுக்கிடையே கோப்புப் பரிமாற்ற மேலாண்மை என்பது, வெவ்வேறு இடங்களில் உள்ள வழங்கிக் கணினிகளுக்கு இடையில் கோப்புகளை அனுப்புதல், அவை முழுமையாகவும் பிழையின்றியும் சென்று சேர்ந்தனவா எனச் சரிபார்த்தல், சேராதவற்றை மீண்டும் அனுப்புதல், இவை அனைத்தையும் பதிவு செய்து கண்காணித்தல் ஆகிய பணிகளின் தொகுப்பாகும். கோப்பை நகலெடுத்தல் இதன் ஒரு பகுதி மட்டுமே. நகலெடுக்கும் நிரல் "முடிந்தது" என்று அறிவித்த பின்னரும் மறுமுனையில் உள்ள கோப்பு குறைபட்டதாகவோ பழுதுற்றதாகவோ இருக்க வாய்ப்புண்டு. பெறும் முனை சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பரிமாற்றம் நிறைவுற்றதாகக் கொள்ளப்படுகிறது.

வங்கிகள், மருத்துவமனைகள், வானிலை மையங்கள், பதிப்பகங்கள் எனப் பல துறைகளில் இம்மேலாண்மை தேவைப்படுகிறது. அறிவியல் நோக்குத் தரவுகளில் இதன் தேவை இன்னும் கூடுதல். ஒரு வங்கியின் பணப்பரிமாற்றப் பதிவு தொலைந்தால் எதிர்த்தரப்பு வங்கியின் பதிவிலிருந்து அதை மீட்க இயலும். ஆனால் இன்றைய சூரியனை நாளை படம் பிடிக்க இயலாது. இக்காரணத்தால் இக்கட்டுரையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படிமங்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

கொடைக்கானலின் தரவுகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. சென்னை வானாய்வகத்தின் தொடர்ச்சியாக 1899இல் நிறுவப்பட்ட இது, 1971 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாக இயங்குகிறது. அந்நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரின் கோரமங்களா பகுதியில் உள்ளது. தொலைநோக்கி ஒரு மாநிலத்தின் மலைமீதும், நிறுவனத்தின் தலைமையகம் மற்றொரு மாநிலத்தின் நகரிலும் இருப்பதால், தரவைக் கொண்டுசேர்த்தல் இங்கு ஆய்வுப்பணியிலிருந்து பிரிக்க இயலாத வேலையாகிறது.

இங்கு 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்களும், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலிருந்து கால்சியம் கே நிறமாலைக் கோட்டிலான படங்களும், 1912 முதல் ஐதரசன் ஆல்ஃபா கோட்டிலான படங்களும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. சூரியப் புள்ளிகளின் அயல்நிழற் பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் சான் எவர்செட் கண்டறிந்ததும் இங்குதான். அது எவர்செட் விளைவு என அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டைத் தாண்டி, ஏறத்தாழ ஒரே வகைக் கருவிகளால் எடுக்கப்பட்ட இத்தகைய தொடர் உலகில் மிகச் சில இடங்களிலேயே உள்ளது. சூரியனின் சுழற்சி சராசரியாக 11 ஆண்டுகள் என்பதால், இத்தொடரில் பல சுழற்சிகள் அடங்குகின்றன.

ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த இத்தொடர் பின்னர் எண்ணிமமாக்கப்பட்டது. ஒவ்வொரு படமும் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்டதாகவும், ஒவ்வொரு புள்ளியும் 16 பிட்டுகள் கொண்டதாகவும் பதிவு செய்யப்பட்டது. இத்தகைய படிமங்களின் எண்ணிக்கை ஓர் இலட்சத்திற்கும் மேல். அவை இணையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. புதிய படங்கள் நேரடியாக எண்ணிம ஒளிப்படக் கருவிகளால் எடுக்கப்படுகின்றன. 2008இல் இரட்டைத் தொலைநோக்கியும் 2014இல் ஐதரசன் ஆல்ஃபா தொலைநோக்கியும் பயன்பாட்டுக்கு வந்தன.

4096 × 4096 புள்ளிகளை இரண்டு பைட்டுகளால் பெருக்கினால் ஒரு படிமத்தின் அளவு 3,35,54,432 பைட்டுகள், அதாவது சுமார் 33.5 மெகாபைட்டுகள் என்று கிடைக்கும். கீழே வரும் கணக்குகள் இந்த அளவைக் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றில் கூறப்படும் இணைப்பு வேகமும் நாள்தோறும் எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையும் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட எடுத்துக்காட்டுகளேயன்றி, ஆய்வகத்தின் அன்றாட நடைமுறை அல்ல.

நெறிமுறைகள்

கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்புவதற்கான முதல் பொது நெறிமுறைகளுள் ஒன்றான எஃப்டிபி, 1971 ஏப்பிரலில் 114ஆம் கருத்துக்கோரல் ஆவணமாக வெளியிடப்பட்டது. இதை எழுதியவர் அபய் பூசண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர், அப்போது மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். இணையத்தின் அடித்தளக் கற்களுள் ஒன்றை இந்தியர் ஒருவர் நாட்டியிருப்பது நம் பாடநூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. இந்நெறிமுறையின் செம்மையாக்கப்பட்ட வடிவம் 1985இல் 959ஆம் ஆவணமாக வந்தது.

எஃப்டிபி இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துகிறது. கட்டளைகள் 21ஆம் துறை வழியே செல்கின்றன; தரவுக்குத் தனி இணைப்பு திறக்கப்படுகிறது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மறையீடு இன்றி அப்படியே செல்வது இதன் பெருங்குறை. உரைமுறை, இருமமுறை என இரு வகை அனுப்புமுறைகள் இருப்பதும் தொல்லை தந்தது. உரைமுறையில் அனுப்பும்போது வரியிறுதிக் குறிகள் மாற்றப்படும். படக்கோப்பு ஒன்றைத் தவறுதலாக அம்முறையில் அனுப்பினால் அது எவ்விதப் பிழைச்செய்தியும் இன்றிச் சிதைந்துவிடும். 2021இல் குரோம், பயர்பாக்சு ஆகிய உலாவிகள் எஃப்டிபிக்கான ஆதரவை நீக்கிவிட்டன.

1995இல் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்து இலோனன் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறை, மறையீட்டுடன் கூடிய தொலை இணைப்பைத் தந்தது. அதன் மேல் எஸ்சிபி, எஸ்எஃப்டிபி ஆகிய பரிமாற்ற வழிகள் அமைந்தன. 22ஆம் துறை ஒன்றை மட்டும் திறந்தால் போதுமானதால் தீயரண் அமைப்பும் எளிதாயிற்று. 2022இல் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 பதிப்பிலிருந்து, எஸ்சிபி கட்டளையும் உள்ளே எஸ்எஃப்டிபியையே பயன்படுத்துகிறது.

இவற்றுள் வழங்கி மேலாளர்களின் கையில் மிக அதிகமாகப் புழங்குவது ஆர்சிங்க் எனலாம். ஆசுத்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்செல், பால் மெக்கராசு ஆகியோர் 1996இல் இதை வெளியிட்டனர். பெறும் முனை தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரு சரிபார்ப்பு எண்களை அனுப்புகிறது: ஒன்று விரைவாகக் கணக்கிடத்தக்க உருளும் எண், மற்றொன்று வலிமையான எண். அனுப்பும் முனை தன் கோப்பை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து ஒப்பிட்டு, மறுமுனையில் இல்லாத பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. பெரிய கோப்பில் சிறு மாற்றம் நிகழ்ந்திருந்தால் இதனால் பெருமளவு நேரம் மிச்சமாகும். ஆனால் சூரியப் படிமங்கள் போன்று ஒருமுறை எழுதப்பட்டு மாறாதிருக்கும் கோப்புகளுக்கு இச்சிறப்பால் பயன் குறைவு. அங்கு ஆர்சிங்கின் உண்மையான நன்மை வேறு: எந்தக் கோப்புகள் ஏற்கெனவே சென்றுவிட்டன என்பதை அறிந்து, எஞ்சியவற்றை மட்டும் அனுப்புவது.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயல்பு நிலையில் ஆர்சிங்க் ஒரு கோப்பு மாறியுள்ளதா என்பதை அதன் அளவையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் மட்டும் கொண்டே முடிவு செய்கிறது. இவை இரண்டும் ஒத்திருந்தால் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. பெறும் முனையின் வன்தட்டில் ஒரு பிட்டு பின்னர் மாறியிருந்தாலும் அது "ஒத்துள்ளது" என்றே சொல்லும். உள்ளடக்கத்தையும் ஒப்பிடுமாறு தனியே கேட்க வேண்டும்.

முனைக்கு முனை சரிபார்ப்பு

டிசிபி நெறிமுறையே பிழைகளைத் திருத்திக்கொள்ளும்போது தனிச் சரிபார்ப்பு எதற்கு என்ற வினா எழலாம். டிசிபியின் சரிபார்ப்புத் தொகை 16 பிட்டுகள் மட்டுமே கொண்டது. தாறுமாறாகச் சிதைந்த பொதிகளில் ஏறத்தாழ 65,536க்கு ஒன்று அதன் கண்ணில் படாமல் தப்பக்கூடும். அதைவிட முக்கியமானது, அத்தொகை பொதி பயணத்தில் இருக்கும்போது மட்டுமே காவல் செய்கிறது என்பது. வட்டிலிருந்து நினைவகத்திற்கு வரும்போதும், மறுமுனையில் நினைவகத்திலிருந்து வட்டிற்குச் செல்லும்போதும் நேரும் பிழைகளை அது அறியாது.

இதைத் தெளிவாக எடுத்துரைத்தது செரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகியோரின் "முனைக்கு முனை" வாதம் பற்றிய கட்டுரை. 1984இல் இதழில் வெளிவந்த இக்கட்டுரை தன் முதன்மை எடுத்துக்காட்டாகக் கோப்புப் பரிமாற்றத்தையே எடுத்துக்கொண்டது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் வலையமைப்புகளை இணைத்த ஒரு கணினியில் ஏற்பட்ட கோளாற்றால், ஏறத்தாழ பத்து இலட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரு பைட்டுகள் இடம் மாறின. வழியில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சரிபார்க்கப்பட்டதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. பழுது நேர்ந்ததோ இரு கட்டங்களுக்கு நடுவே, அக்கணினியின் நினைவகத்தில். ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அதன் வழியே பலமுறை சென்று சிதைந்தன; உரியவர்கள் பழைய அச்சுப்படிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

அச்சுப்படி இருந்ததால் மூலநிரலை மீட்க முடிந்தது. ஒரு சூரியப் படிமத்தில் இரு பைட்டுகள் இடம் மாறினால் அது ஒரு வெண்புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ தோன்றும். தூசியா, பழுதா, சூரியனில் உண்மையிலேயே இருந்ததா என்று பிற்கால ஆய்வாளர் எதைக் கொண்டு சொல்வார்? பழைய படங்களுக்கேனும் கண்ணாடித் தகடு இருக்கிறது, மீண்டும் வருடிக்கொள்ளலாம். நேரடியாக எண்ணிமமாக எடுக்கப்பட்ட படத்திற்கு அத்தகைய மூலம் வேறில்லை.

ஆகவே கோப்பு உருவானவுடனேயே, அனுப்புவதற்கு முன்பாக, அதன் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டுத் தனியே எழுதிவைப்பது வழக்கம். பெறும் முனை, கோப்பை வட்டில் எழுதிய பின் மீண்டும் வட்டிலிருந்து படித்து அதே தொகையைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதற்கு எம்டி5, எஸ்எச்ஏ-256 போன்றவை பயன்படுகின்றன. எம்டி5இல் வேண்டுமென்றே ஒரே தொகை தரும் இரு கோப்புகளை உருவாக்க இயலும் என்று 2004இல் காட்டப்பட்டது. தற்செயல் பழுதைக் கண்டுபிடிக்க அது இன்றும் போதுமானதே. வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றத்தைத் தடுக்க எஸ்எச்ஏ-256 போன்றதே தகும்.

வானியலில் பரவலாகப் பயன்படும் ஃபிட்ஸ் கோப்பு வடிவத்தில் சரிபார்ப்புத் தொகையைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்க இடமுண்டு. மேலும் அவ்வடிவில் கோப்பின் அளவு எப்போதும் 2,880 பைட்டுகளின் மடங்காகவே இருக்கும். மேற்கூறிய படிமத்திற்கு 11,651 தரவுக் கட்டங்களும் குறைந்தது ஒரு தலைப்புக் கட்டமும் தேவை. மொத்தம் குறைந்தது 3,35,57,760 பைட்டுகள். அளவு 2,880ஆல் மீதியின்றி வகுபடவில்லை எனில், உள்ளே பார்க்காமலேயே அக்கோப்பு பாதியில் அறுந்தது என்று சொல்லிவிடலாம். சரிபார்ப்புத் தொகைக்கு இது மாற்றன்று. ஆனால் நொடியில் செய்யக்கூடிய முதற் சோதனை.

இணைப்பின் வேகமும் நிலுவையும்

நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 33.5 மெகாபைட்டுப் படிமம் ஒன்று செல்ல ஏறத்தாழ 134 நொடிகள் ஆகும். நாளொன்றுக்கு 300 படிமங்கள் எனக் கொண்டால் மொத்தம் சுமார் 10 கிகாபைட்டு. அனுப்ப 11 மணி நேரத்திற்குச் சற்று மேல் பிடிக்கும். மீதி 13 மணி நேரம் இணைப்பு ஓய்வாக இருக்கும். இது வீண் போலத் தோன்றினாலும் அவ்வாறன்று. இரண்டு நாள் இணைப்பு அறுந்திருந்தால், அந்நிலுவையை அன்றாடப் படிமங்களோடு சேர்த்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட அந்த ஓய்வு நேரமே உதவுகிறது.

அதே இணைப்பு நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே எனில், ஒரு நாள் படிமங்களை அனுப்ப 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். அன்றாட வேலை எப்படியோ நடந்துவிடும். ஆனால் நிலுவையைத் தீர்க்க நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமே எஞ்சுவதால், ஒரே ஒரு நாள் தடைப்பட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சராசரித் தேவைக்குச் சரியாகப் பொருந்தும் இணைப்பு போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

மலைப்பகுதிகளில் தடை என்பது விதிவிலக்கன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது மரங்கள் சாய்வதும் மண் சரிவதும் மின்சாரம் தடைப்படுவதும் பழனி மலைகளில் புதிதல்ல. 2018 நவம்பரில் வேதாரண்யத்திற்கு அருகே கரையேறிய கசா புயல் உள்நாட்டில் நகர்ந்து கொடைக்கானல் வட்டாரத்திலும் மரங்களைச் சாய்த்துப் போக்குவரத்தையும் மின்வழங்கலையும் பாதித்தது. எனவே மலைமீதுள்ள வழங்கியில், நினைத்துப் பார்க்கத்தக்க மிக நீண்ட தடைக்காலத்தின் படிமங்கள் அனைத்தையும் வைத்துக்கொள்ளும் அளவு சேமிப்பிடம் இருத்தல் வேண்டும். மேற்கண்ட கணக்கில் ஒரு மாதத் தடைக்கு 300 கிகாபைட்டு. இன்றைய வன்தட்டு விலையில் இது பெருஞ்செலவு அன்று.

2010இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பு, நாட்டின் ஆய்வு நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் அதிவேக ஒளியிழை இணைப்புகளால் இணைத்தது. இத்தகைய இணைப்புகள் வந்தபின் வேகம் பற்றிய கவலை பெரிதும் குறைந்தது. ஆனால் ஒளியிழை அறுந்தால் வேகம் சுழியமே. நிலுவைக் கணக்கு மாறுவதில்லை.

தாமதத்தின் விளைவு

வேகம் மட்டுமன்றி, ஒரு பொதி சென்று அதற்கான ஒப்புகை திரும்பிவரும் நேரமும் முக்கியம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றொரு தொலைநோக்கியான 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி, இலடாக்கின் ஆன்லே என்னும் ஊரில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2000இல் முதல் ஒளி கண்ட இது, பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்கப்பட்டு வந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஒரு பொதி போய் ஒப்புகை திரும்ப அரை நொடி அளவு ஆகிறது.

டிசிபி தன் பழைய வடிவில், ஒப்புகை வரும் முன் அதிகபட்சம் 65,535 பைட்டுகளை மட்டுமே அனுப்ப இயலும். அரை நொடித் தாமதத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் என்ற உச்சவரம்பாகிறது. அதைவிட வேகமான இணைப்பை விலைகொடுத்து வாங்கினாலும் பயனில்லை. இதைத் தீர்க்க 1992இல் சாளர விரிவாக்க வசதி நெறிமுறையில் சேர்க்கப்பட்டது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து கோப்புகளைப் பகிர்ந்து அனுப்புவது மற்றொரு வழி. அறிவியல் தரவுகளுக்காக உருவான கிரிட்எஃப்டிபி இவ்வழியைப் பின்பற்றியது. கொடைக்கானலுக்கும் பெங்களூருக்கும் இடையே தரைவழி இணைப்பில் இச்சிக்கல் பெரிதன்று. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும்.

பரிமாற்றத்தின் ஒழுங்குமுறை

நன்கு அமைந்த பரிமாற்ற முறையில் ஒரு கோப்பு எந்த நேரத்திலும் தெளிவான ஒரு நிலையில் இருக்கும்: உருவாகிக்கொண்டிருக்கிறது, அனுப்பத் தயார், அனுப்பப்படுகிறது, வந்து சேர்ந்தது, சரிபார்க்கப்பட்டது. இந்நிலைகளைக் கலந்துவிடுவதே பெரும்பாலான தொல்லைகளின் வேர். ஒளிப்படக் கருவி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே பரிமாற்ற நிரல் எடுத்து அனுப்பிவிட்டால் பாதிப் படம் போய்ச் சேரும். இதைத் தவிர்க்க, கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையானபின் இறுதிப் பெயருக்கு மாற்றுகிறார்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாக நிகழ்வதால், இறுதிப் பெயரில் ஒரு கோப்பு தென்பட்டால் அது முழுமையானது என்று நம்பலாம். பெறும் முனையிலும் இதே முறை. ஆர்சிங்க் இதைத் தானாகவே செய்கிறது.

ஒரு வேலையை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி அமைப்பதும் தேவை. இணைப்பு நள்ளிரவில் அறுந்தால், நிரல் எங்கே நின்றது என்று எவரும் ஆராயாமல், முதலிலிருந்து ஓடவிட்டாலே போதும் என்ற நிலை இருக்க வேண்டும். மறுமுயற்சிகளுக்கு இடையேயான இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவது வழக்கம். இல்லையேல், இணைப்பு மீளும் தருணத்தில் எல்லா வேலைகளும் ஒன்றாக முட்டி மோதும். யூனிக்சு வகை இயங்குதளங்களில் குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் இதற்கு உதவுகிறது. முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடாதபடி ஒரு பூட்டுக் கோப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரமுத்திரை குறித்தும் ஒரு சொல். கோப்புப் பெயரில் இந்திய நேரத்தையா உலகப் பொது நேரத்தையா எழுதுவது? இந்திய நேரத்தில் காலை 5.30 மணிக்கே உலகப் பொது நேரத்தின் தேதி மாறுகிறது. பகலில் மட்டும் நடக்கும் சூரிய நோக்குகளுக்கு இரண்டிலும் தேதி ஒன்றே. இரவுநேர நோக்குகளில் நிலைமை வேறு. இந்திய நேரப்படி எழுதினால் ஓர் இரவின் கோப்புகள் நள்ளிரவில் இரண்டு தேதிகளாகப் பிரியும், உலகப் பொது நேரப்படி எழுதினால் அவை பெரும்பாலும் ஒரே தேதிக்குள் அடங்கும். எதைத் தேர்ந்தாலும் இருமுனைகளும் ஒன்றையே பின்பற்ற வேண்டும் என்பதும், இரு வழங்கிகளின் கடிகாரங்களும் என்டிபி நெறிமுறையால் ஒத்திசைக்கப்பட வேண்டும் என்பதும் கட்டாயம்.

மூலக்கோப்பை எப்போது அழிப்பது என்பதே இதில் மிகவும் ஆபத்தான முடிவு. அனுப்பியவுடன் மூலத்தை நீக்கும் வசதி பல நிரல்களில் உண்டு. அனுப்பும் முனையில் இல்லாத கோப்புகளைப் பெறும் முனையிலும் நீக்கி இரண்டையும் ஒத்தவையாக்கும் வசதியும் உண்டு. இரண்டாவதை எண்ணிப் பாருங்கள்: மலைமீதுள்ள வட்டு பழுதாகி அடைவு வெறுமையாகத் தோன்றினால், அன்றிரவு ஓடும் நிரல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பெங்களூரில் உள்ள பிரதியையும் வெறுமையாக்கிவிடும். ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. அழித்தல் தனி வேலையாக, சரிபார்ப்புப் பதிவைப் பார்த்து, சில வாரங்கள் பொறுத்துச் செய்யப்பட வேண்டியது.

கண்காணிப்பு

பரிமாற்றம் தோல்வியுற்றால் மின்னஞ்சல் அனுப்புமாறு நிரலை அமைப்பது பலரும் முதலில் செய்வது. இது போதாது. மின்சாரம் இல்லாதபோது நிரலே ஓடாது. ஓடாத நிரல் தோல்வியை அறிவிக்காது. இணைப்பு அறுந்திருந்தால் மின்னஞ்சலும் அவ்விணைப்பின் வழியேதான் செல்ல வேண்டும். கிரான் பட்டியலிலிருந்து ஒரு வரி தவறி நீக்கப்பட்டால் அதன்பின் என்றென்றும் அமைதிதான். செய்தி வராததை நற்செய்தி என்று கொள்ளும் அமைப்பில், பிழை வாரக்கணக்கில் மறைந்து கிடக்கலாம்.

இதனால் கண்காணிப்பைப் பெறும் முனையில் வைப்பதே முறை. அங்கு கேட்கப்பட வேண்டிய வினா "ஏதேனும் பிழை வந்ததா" என்பதன்று. "கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட கோப்பு வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று" என்பது. இந்த ஓர் எண், குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை எழ வேண்டும். மின்தடை, இணைப்புத் தடை, வட்டு நிரம்புதல், கடவுச்சாவி காலாவதியாதல் என எக்காரணமாயினும் இவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் சூரிய ஆய்வகத்தில் இதற்கொரு சிக்கல் உண்டு. மூடுபனியும் மேகமும் சூழ்ந்த நாளில் படமே எடுக்கப்படுவதில்லை. கோப்பு வராததற்குக் காரணம் வானமா, கம்பியா? பெங்களூரில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மழைக்காலத்தில்தான் மேகமும் மிகுதி, இணைப்பு அறுவதும் மிகுதி. எனவே "மேகமாக இருந்திருக்கும்" என்ற ஊகம் மிகத் தேவையான நேரத்தில் மிகத் தவறாக அமையும்.

இதற்கான தீர்வு எளியது. ஒவ்வொரு நாளும், படம் எடுக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், ஒரு பட்டியல் கோப்பு அனுப்பப்பட வேண்டும். அதில் அன்று உருவான கோப்புகளின் பெயர், அளவு, சரிபார்ப்புத் தொகை ஆகியன இருக்கும். நோக்கு நடைபெறாத நாளில் "இன்று கோப்புகள் 0, காரணம் மேகம்" என்ற ஒரே வரி இருக்கும். பட்டியல் வந்து அதில் சுழியம் இருந்தால் மலையில் மேகம். பட்டியலே வரவில்லை எனில் பழுது. பட்டியலில் 40 பெயர்களும் அடைவில் 38 கோப்புகளும் இருந்தால், விடுபட்ட இரண்டும் எவை என்பது உடனே தெரியும். இப்பட்டியல்கள் பிற்காலத்திற்கும் பயன்படும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாளின் படம் இல்லாததைக் காணும் ஆய்வாளருக்கு, அன்று நோக்கு நடைபெறவில்லையா அல்லது படம் தொலைந்ததா என்பது முற்றிலும் வெவ்வேறு செய்திகள். தகட்டுக் காலத்தில் நோக்குநர் கையால் எழுதிய குறிப்பேடு செய்த வேலையை இப்பட்டியல் செய்கிறது.

இவற்றோடு வரிசையில் காத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை, இரு முனைகளிலும் எஞ்சியுள்ள வட்டிடம், உண்மையில் கிடைக்கும் வேகம், மறுமுயற்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் தொடர்ந்து அளப்பது நல்லது. காத்திருப்பு வரிசை நாளுக்கு நாள் மெல்ல நீளுமானால், எதுவும் இன்னும் தோல்வியுறவில்லை என்றாலும் இணைப்பு போதவில்லை என்பதன் முன்னறிகுறி அது. நாகியோசு, புரோமிதியசு, கிராபனா முதலிய கட்டற்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. சிறிய அமைப்புக்கு, பதிவுக் கோப்பைப் படித்து ஒரு வலைப்பக்கத்தில் பச்சை, சிவப்பு எனக் காட்டும் சிறு நிரலே போதும்.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பதும் மேலாண்மையின் பகுதியே. ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தால், புலி வருகிறது என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதையாகிவிடும். தானே சரியாகிவிடக்கூடியவை பதிவேட்டில் மட்டும் இருந்தால் போதும். மனிதர் ஒருவர் எழுந்து ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற நிலையில் மட்டுமே அவர் எழுப்பப்பட வேண்டும்.

பாதுகாப்பு

தானியங்கிப் பரிமாற்றத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய ஆளில்லை என்பதால் எஸ்எஸ்எச் சாவி இணை பயன்படுகிறது. அச்சாவியைக் கொண்டு மறுமுனையில் எல்லாவற்றையும் செய்ய முடிவது பிழையான அமைப்பு. குறித்த ஓர் அடைவில் கோப்பை இடுவது தவிர வேறெதற்கும் இடம்தராத தனிப் பயனர் கணக்கே தகும். பரிமாற்ற மென்பொருளே தாக்குதலின் வாயிலாக அமைவதும் உண்டு. 2023 மே மாத இறுதியில் மூவ்இட் என்ற வணிகப் பரிமாற்ற மென்பொருளின் வழுவைப் பயன்படுத்தி உலகெங்கும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவுகள் திருடப்பட்டன. ஆர்சிங்கிலும் கடுமையான வழுக்கள் கண்டறியப்பட்டு, 2025 சனவரியில் வெளியான 3.4.0 பதிப்பில் திருத்தப்பட்டன.

வண்டியில் செல்லும் தரவு

இணையம் எப்போதும் விரைவான வழி அன்று. ஓர் இலட்சம் படிமங்களின் மொத்த அளவு ஏறத்தாழ 3.36 டெராபைட்டு. நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் இதை இடைவிடாது அனுப்பினாலும் 155 நாட்கள் ஆகும். இதையே ஒரு வன்தட்டில் ஏற்றி, கொடைக்கானலிலிருந்து 12 மணி நேரத்தில் பெங்களூர் சேரும் பேருந்தில் கொண்டுசென்றால், அது நொடிக்கு ஏறத்தாழ 620 மெகாபிட் வேகத்திற்கு ஒப்பாகும். வன்தட்டில் எழுதவும் திரும்பப் படிக்கவும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

சூரியனை இடைவிடாது நோக்கும் கோங் வலையமைப்பு, இராசசுத்தானின் உதயப்பூர் உட்பட உலகின் ஆறு இடங்களில் 1995 முதல் இயங்குகிறது. தொடக்கத்தில் அதன் தரவுகள் காந்த நாடாக்களில் பதியப்பட்டு அமெரிக்காவின் தூசானுக்கு அனுப்பப்பட்டன. பின்னரே இணையவழிக்கு மாறின. 2017இல் கருந்துளையைப் படம்பிடிக்க நோக்குகள் நடத்திய நிகழ்வெல்லைத் தொலைநோக்கித் திட்டம் தன் தரவுகளை வன்தட்டுகளில் வானூர்தி வழியே அனுப்பியது. தென்முனையில் பதிவான வன்தட்டுகள், அங்கு குளிர்காலத்தில் வானூர்தி இறங்க இயலாததால், பல மாதங்கள் காத்திருந்தன.

வன்தட்டில் அனுப்பும்போதும் பட்டியலும் சரிபார்ப்புத் தொகையும் அப்படியே பொருந்தும். பட்டியலை அதே வன்தட்டில் மட்டும் வைக்காமல், சில கிலோபைட்டுகளே ஆகும் அதனை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது வழக்கம். பெட்டி வந்து சேரும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது பெறுபவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர் எல்லாவற்றையும் படித்து ஒப்பிட்டு மறுமொழி அனுப்பும் வரை மலைமீதுள்ள மூலப்படி நீக்கப்படுவதில்லை.